ஒலிநாடாவும் ஓலைச்சுவடியும்



ஏடு பெயர்த்தெழுதுவது நம் நாட்டில் ஒரு காலத்தில் மதிப்புள்ள தொழிலாக இருந்தது. பனையோலை என்றும் நிற்பதன்று. வெப்பமும் ஈரமும் செல்லும் சேர்ந்து தாக்கினால் சில நூற்றாண்டுகளுக்கு மேல் அது தாங்காது. ஆகவே, பழைய ஏடு முற்றும் சிதையும் முன்னரே புதிய ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுதி வைத்தார்கள். அவ்வாறு பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் பிழைத்தன. ஏனையவை பெயரளவில் நின்றன, அல்லது பெயருமின்றி மறைந்தன. இதனை உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் நம் கண்முன்னே, நம் வீட்டு அலமாரியிலேயே, இன்னொரு வகைச் சுவடி இப்போது சிதைந்துகொண்டிருக்கிறது. அது எழுத்துச் சுவடியன்று, குரற்சுவடி. ஒலிப்பதிவு நாடாவைத்தான் சொல்லுகிறேன். அதன் வரலாற்றையும், அதனை எண்முறைக்கு, அதாவது டிஜிட்டல் வடிவுக்கு, மாற்றுவதன் நெறியையும், அதில் நான் செய்ய இருந்த ஒரு பெரும்பிழையையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

காந்தத்தில் ஒலியைப் பதிக்கலாம் என்ற கருத்தை 1888-ஆம் ஆண்டிலேயே ஓபர்லின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு மின்னியல் இதழில் எழுதினார். அதனைச் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன். 1898-இல் அவர் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிக்கும் கருவியொன்றை அமைத்தார். 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அக்கருவி வைக்கப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் அதன்முன் சில சொற்கள் பேசினார். அரசு போயிற்று; பேரரசும் போயிற்று. அச்சில சொற்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. இப்போது நமக்குக் கிடைக்கும் காந்த ஒலிப்பதிவுகளில் மிகப் பழையது அதுவே.

கம்பி நாடாவாக மாறிய கதை சுவையானது. ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் ஜெர்மனியில் சிகரெட் தாளின் மீது பொன்னிறப் பட்டை ஒட்டும் முறையை வகுத்தவர். உலோகத் துகளைத் தாளில் ஒட்டத் தெரிந்த அவருக்கு, காந்தத் துகளையும் அவ்வாறே ஒட்டினால் என்ன என்று தோன்றியது. 1928-இல் இரும்புத் துகள் பூசிய காகித நாடாவுக்கு அவர் உரிமை பெற்றார். ஏ.இ.ஜி. நிறுவனம் அதனை வாங்கி வளர்த்து, 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மாக்னட்டோஃபோன்' என்னும் கருவியைக் காட்டியது. மறு ஆண்டில், லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் இசைக்குழுவின் நிகழ்ச்சி அத்தகைய நாடாவில் பதிவாயிற்று. 1940-இல் வால்ட்டர் வெபர் என்பவர், பதியும் ஒலியோடு காதுக்கு எட்டாத உயர் அலைவு மின்னோட்டத்தையும் சேர்த்துச் செலுத்தினால் இரைச்சல் வெகுவாகக் குறைகிறது என்பதைத் தற்செயலாகக் கண்டார். நாடாவின் உண்மையான பெருமை அன்றுதான் தொடங்கியது.

போர் முடிந்த 1945-இல், ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைப்பிரிவுப் பொறியாளர் இரண்டு மாக்னட்டோஃபோன் கருவிகளையும் ஐம்பது நாடாச் சுருள்களையும் பகுதி பகுதியாகத் தம் ஊருக்கு அனுப்பினார். 1946-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவற்றை இயக்கிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பிக்கு வாரந்தோறும் நேரடியாக ஒலிபரப்புவதில் விருப்பமில்லை. 1947 அக்டோபரில் அவருடைய வானொலி நிகழ்ச்சி நாடாவில் முன்னரே பதியப்பட்டு ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டே ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் கருவி விற்பனைக்கு வந்தது. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் காசெட்டை வெளியிட்டது. வானொலி நிலையத்தில் இருந்த பெருங்கருவி தோளில் தொங்கும் பெட்டியாகச் சுருங்கியது. அதன்பின் மக்கள் தம் குரலைத் தாமே பதிந்து வைக்கத் தொடங்கினர். தாலாட்டும் ஒப்பாரியும் திருமண வாழ்த்தும் ஆண்டுவிழாச் சொற்பொழிவும் நாடாவில் ஏறின.

இனி, இந்நாடா எதனால் ஆயது என்று பார்ப்போம். ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள். இரண்டையும் பிணைக்கும் ஒரு பசை. வானொலி நிலையத்துச் சுருள்நாடா 6.35 மில்லிமீட்டர் அகலம் உடையது. நொடிக்கு 38 அல்லது 19 சென்டிமீட்டர் ஓடும். காசெட் நாடாவின் அகலம் அதைவிடச் சிறிது. ஓட்டமோ நொடிக்கு 4.76 சென்டிமீட்டரே. அறுபது நிமிடக் காசெட்டில் நாடாவின் கனம் சுமார் 18 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மனிதரின் குரல் இத்துணை மெல்லிய பொருளை நம்பி நிற்கிறது.

இதற்கு வரும் நோய்கள் பல. பழைய அசெட்டேட் நாடாக்கள் காடிமணம் வீசிச் சுருங்கி உடையும். 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட நாடாக்கள் சிலவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றை ஓட்டினால் துகள் உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய நாடாவை ஏறத்தாழ 54 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிடுவது அறிந்தோர் கையாளும் முறை. அது நிலையான மருத்துவமன்று; அசெட்டேட் நாடாவுக்கு அது கேடு. நம் கடற்கரை ஊர்களில் வெண்பூஞ்சணமும் உண்டு. காசெட்டினுள் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்திண்டு, ஒட்டிய பசை உலர்ந்து கழன்று விழுவதும் உண்டு.

நாடாவினும் விரைவாக மறைவது நாடாவை ஓட்டும் கருவி. நாடா நலமாக இருந்தும் கருவியின்மையால் ஊமையாகும் நிலை வந்துவிட்டது. ஆஸ்திரேலிய நாட்டுத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-இலேயே இதனை எச்சரித்தது. 2019-இல் யுனெஸ்கோவின் ஒரு திட்டமும், உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து அதே எச்சரிக்கையை உலகிற்கு விடுத்தன. அவர்கள் குறித்த எல்லை 2025.

கருவியின் அருமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1969-இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது, தரையில் இருந்த பொறியாளர் அனைவரும் பேசிய பேச்சு முப்பது தடங்கள் கொண்ட நாடாக்களில் பதிவாயிற்று. அவற்றைப் படிக்கவல்ல 1960-களின் கருவி ஒன்றே எஞ்சியிருந்தது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தடத்தையே படிக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் பிரிவினர் முப்பது தடங்களையும் ஒருங்கே படிக்கும் புதிய தலையை அமைத்து, ஏறத்தாழ 19,000 மணி நேரப் பேச்சை எண்முறைக்கு மாற்றினர். ஆனால் அதே பயணத்தின் மூலத் தொலையளவை நாடாக்கள், சந்திரனிலிருந்து வந்த படத்தைச் செம்மையாகத் தாங்கியவை, அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டுவிட்டன என்று 2009-இல் தெரிய வந்தது.

அழிந்ததை அறிவியலும் மீட்டுத் தராது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனுடைய அறையில் 1972 ஜூன் 20-ஆம் நாள் பதிவான ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலாக இருந்தது. வல்லுநர் குழு 1974-இல் ஆராய்ந்து, குறைந்தது ஐந்து முறை தனித்தனியே அழிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டது. அழித்த விதத்தை அறிந்தார்கள்; அழிந்த பேச்சை அறிய இயலவில்லை. அந்நாட்டு ஆவணக் காப்பகம் புதிய முறைகளால் முயன்று, 2003-இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

எண்முறை என்பது யாது? ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைப்பதே. 1982-இல் வந்த இசைத்தட்டு நொடிக்கு 44,100 முறை அளந்தது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்தது. இன்று காப்பகத்தார் 48,000 அல்லது 96,000 முறை அளந்து, ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்திற்கு மேற்பட்ட படிகளில் குறிக்கிறார்கள். எண்ணைப் பிரதி செய்தால் பிரதியும் மூலமும் ஒன்றே; அதில் தேய்மானம் இல்லை. இது ஏடெழுதினோருக்குக் கிட்டாத பேறு.

ஆனால் முதன்முறை நாடாவிலிருந்து எண்ணுக்கு மாற்றும்போது செய்யும் பிழை எல்லாப் பிரதிகளிலும் தொடரும். ஆதலால் அப்படியில் அவசரம் கூடாது. கருவியின் தலையைச் சாராயத்தில் தோய்த்த பஞ்சினால் துடைக்க வேண்டும். ஓட்டின் வேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். தலையின் சாய்வு, பதிவு செய்த கருவியின் சாய்வோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு சிறு திருகாணியை மெல்லத் திருப்பினால், மங்கிக் கிடந்த 'ச'கரமும் 'ஷ'கரமும் திடீரெனத் தெளிவதைக் காதாலேயே அறியலாம். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழியில்லை.

இனித் தூய்மை செய்தல். நாடாவின் இரைச்சலை அடக்க முதலில் பெயர்பெற்ற வழி கண்டவர் ரே டால்பி. இவர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சபையின் அறிவுரையாளராக இந்தியாவில் பணியாற்றியவர். 1965-இல் லண்டனில் தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். பதிக்கும்போதே மெல்லொலியை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது தாழ்த்துவது அவர் முறை. எண்முறை வந்தபின் வேறொரு வழி பிறந்தது. பேச்சில்லாத இடத்தில் உள்ள இரைச்சலைக் கணினிக்குக் காட்டி, 'இதுவே இரைச்சலின் சாயல். இதனை முழுப்பதிவிலிருந்தும் கழித்துவிடு' என்று சொல்வது. 1979 அளவில் ஆய்வேடுகளில் வந்த இம்முறை இன்று எல்லார் கணினியிலும் உண்டு. இதில்தான் நான் இடறினேன்.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியன். இளமையில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்தேன். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நீங்கள் அறிவீர்கள். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலில் மூழ்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலம் சிதைந்தது. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இவை நூலில் உள்ளவை. அவ்விரவைக் கண்டவர் வாய்மொழி நூலில் இல்லை. ஆகவே 1987-இல் என் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, தப்பிப் பிழைத்த முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை ஒன்பது காசெட்டுகளில் பதிந்தேன். ஒலிவாங்கி உள்ளேயே அமைந்த, மின்கலத்தில் ஓடும் எளிய கருவி அது.

அவருள் ஒரு மூதாட்டி கடலோரக் குடிசை வாயிலில் அமர்ந்து பேசினார். பேச்சிடையே நிறுத்தி, "இந்தா இப்போ கேக்குதுல்ல வாத்தியாரையா, இது ஆண் கடல். அன்னைக்குப் பெண் கடலும் சேந்து ஒண்ணா இரைஞ்சுச்சு" என்றார். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வர். பின்னர் அவர், போன பிள்ளைகள் இருவர் பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்னார்.

ஓய்வு பெற்றபின் அக்காசெட்டுகளை மாற்ற எண்ணி, நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். "நன்றாகச் சுத்தம் செய்து கொடு, தம்பி" என்று நானே சொன்னேன். அந்த இளைஞர் நேர்மையாகவே உழைத்தார். கொடுத்த பதிவு கண்ணாடிபோல் இருந்தது. வீட்டில் எல்லாரும் வியந்தனர். ஒன்பது காசெட்டுகளையும் பழைய பொருள் எடுப்பவரிடம் போட்டுவிட ஒரு பையில் கட்டி வாயிலில் வைத்துவிட்டேன்.

அன்று மாலை அம்மூதாட்டியின் பதிவைத் தனியே இருந்து கேட்டேன். "இந்தா இப்போ கேக்குதுல்ல" என்றார். ஒன்றும் கேட்கவில்லை! கடல் இல்லை. கணினி கடலை இரைச்சல் என்று கொண்டு கழித்துவிட்டது. அலையோசைக்கும் நாடாவின் இரைச்சலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் எல்லாச் சுருதியும் கலந்து பரந்த ஒலிகளே. அதைவிடக் கொடியது, குரல் தாழ்ந்த இடத்தில் நேர்ந்தது. அப்பெயர்கள் இரண்டும் கடலோசையினும் மெல்லியவையாதலால் அவையும் கரைந்து, நீருக்குள் யாரோ முணுமுணுப்பது போல் ஆகிவிட்டன. தூய்மை செய்யாத முதற்பதிவை வைத்திருக்கிறீர்களா என்று கடைக்காரரைக் கேட்டேன். வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன் என்றார். குற்றம் அவருடையதன்று; வைத்திருக்கும்படி நான் சொல்லவில்லை.

வாயிலுக்கு ஓடினேன். பை இருந்தது. ஆனால் அந்தக் காசெட்டில் பஞ்சுத்திண்டு கழன்றிருந்தது. விளிம்பில் பூஞ்சணமும் படர்ந்திருந்தது. இதில் தேர்ந்த ஒரு நண்பரின் துணையோடு, நாடாவை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, திருகாணி வைத்த புதிய உறையில் பொருத்தி, ஒருமுறை முழுதும் சுற்றி, பிறகு ஓட்டினோம். கடல் கேட்டது. நான் நெடுநேரம் பேசவில்லை. இரண்டு பெயர்களும் தாழ்ந்த குரலில், ஆயினும் ஐயமின்றி, வந்தன. அவற்றை இங்கே சொல்லேன். அவை அக்குடும்பத்திற்கு உரியவை. மூதாட்டியின் பேத்தியிடம் பதிவைக் கொடுத்தபோது, அவ்விரு பெயரும் தம் வீட்டில் எவருக்கும் தெரியாது, அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை என்றார்.

இதிலிருந்து நான் கற்ற பாடத்தைச் சொல்லுகிறேன். பதிவில் கேட்கும் வேண்டாத ஒலியெல்லாம் ஒரே இனமன்று. நாடாவின் சீற்றமும், கருவியின் மோட்டார் உறுமலும் ஏட்டில் செல் அரித்த துளை போன்றவை. அவை பதிவுக்குப் பின்னோ பதிவினாலோ வந்தவை. கடலோசையும், நாயின் குரைப்பும், பேசுபவர் மூச்சும் அந்த நேரத்தின் பகுதி. அவை எழுத்தாணி இட்ட எழுத்து. துளையை அடைக்கலாம், எழுத்தைச் சுரண்டலாகாது. எது துளை, எது எழுத்து என்று கணினி அறியாது. அதனைக் கேட்பவரே தீர்மானிக்க வேண்டும். அவரும் தவறக்கூடும், ஆகவே மூலம் இருந்தாக வேண்டும்.

டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் தெளிந்தார். வேறுபட்ட பாடங்களைத் தம் விருப்பம்போல் திருத்தி மறைத்துவிடாமல், பாடபேதங்களையும் குறித்துக் காட்டுவது அவர் நெறி. ஒலிப்பதிவுக்கும் அதுவே நெறி. முதலில், ஒன்றும் கழிக்காத முழுப்பதிவு. அதனைத் தொடாமல் வைக்க வேண்டும். அதிலிருந்து எடுத்த பிரதியில்தான் தூய்மை செய்ய வேண்டும், அதுவும் அளவோடு. என்ன செய்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பதைக் குறிக்காத பதிவு, முதலும் முடிவும் இல்லாத ஏட்டுக்கு ஒப்பாகும். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறு ஊரில் வைப்பது நலம். அதன்பின்னும் பழைய நாடாவை எறியாதீர்கள். நாளை நம்மினும் நல்ல கருவியும் நல்ல செவியும் வரலாம்.

உங்கள் வீட்டுப் பரணில், துருப்பிடித்த தகரப் பெட்டியில், இத்தகைய நாடா ஒன்றேனும் இருக்கும். இந்த வாரமே அதனை எடுத்துப் பாருங்கள். ஓடாத கருவியில் போட்டு அறுத்துவிடாதீர்கள். அறிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். கொடுக்கும்போது, "முதலில் உள்ளபடியே எடுத்துக் கொடுங்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததால் நான் ஒரு கடலையும் இரண்டு பெயர்களையும் இழக்க இருந்தேன்.